உன் கழுத்தோரத்துக் காற்று

பக்கத்து வீட்டில் இரும்பு கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்ததுமே தின்னர் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. பெயிண்டர் ஒரு பழைய பால் பவுடர் டப்பாவில் தின்னரை ஊற்றி பிரஷ்ஷை முக்கிக் கலக்கிக்கொண்டிருந்தார். "அண்ணே, அத மூடி வெச்சுக்கோங்க," என்றேன். "அஞ்சு நிமிசத்துல பறந்துரும்மா, ஒண்ணும் பண்ணாது," என்றார். பறந்து எங்கே போகும் என்று கேட்க வாய் வரை வந்தது. காலங்காத்தாலே யாரோடும் வம்பு வேண்டாம் என்று உள்ளே வந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

உலகத்துக்கு அது பெயிண்ட் வாசனை. எனக்கு அது நீ வரும் வாசனை. சாயங்காலம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் நான் படப்பைக்கு வந்துகொண்டிருப்பேன். ஒரகடத்தில் ஷிஃப்ட் முடித்த கூட்டத்தோடு நீ ஏறுவாய். முகம் தெரிவதற்கு முன்னால் வாசனை ஏறிவிடும். அந்த டிரைவர் ஒவ்வொரு நாளும் அதையே சொல்லுவார்: "பெயிண்ட் கம்பெனி ஏறிடுச்சுப்பா, எவனும் பீடி பத்த வெக்காதீங்க. அல்லாரும் ஒண்ணா போய்ச் சேந்துருவோம்." நீயும் ஒவ்வொரு நாளும் விடமாட்டாய். "நீ மொதல்ல பிரேக் புடிக்கக் கத்துக்க. அப்பால நான் பத்திக்கிறத பத்திப் பேசலாம்," என்று சொல்லிவிட்டு என் மடியில் பாதி உட்கார்ந்துகொள்வாய். நான் மூக்கைப் பொத்துவது போல நடிப்பேன். நடிப்புதான். அந்த வாசனை அப்படியொன்றும் மோசமில்லை, லேசாக இனிக்கும். அதுதான் அதன் மோசம் என்று இரண்டு பேருக்கும் அப்போது தெரியாது.

பிளஸ் டூவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். கணக்கில் நீ என்னைவிடக் கெட்டிக்காரி. நான் வேதியியல் படிக்கப் போனேன், நீ ஒரு வருடம் ஐ.டி.ஐ. போய்விட்டு கான்ட்ராக்ட்டில் வேலைக்குச் சேர்ந்தாய். உன் அப்பா நெல் போட்ட நிலத்தின் மேல் இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அந்த இடத்துக்கே அவர் செக்யூரிட்டியாகி, கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பரை எழுதிக்கொண்டிருந்தார். இதைக் கேட்டு யாராவது உச்சுக்கொட்டினால் உனக்குப் பிடிக்காது. "நெல்லு போட்டப்பவும் மருந்து அடிச்சுக்கினு இருமிக்கினுதான் கெடந்தாரு. இப்ப ஃபேன் கீழ உக்காந்துக்கினு கீறாரு. இன்னா கொறஞ்சுபோச்சு?" என்பாய்.

கார்களுக்கு பம்பர் செய்கிற கம்பெனி உன்னுடையது. பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் பிளாஸ்டிக்கின் மேல் ஒரு தூசி, ஒரு விரல் பிசுக்கு இருக்கக் கூடாது. அதைத் தின்னரில் நனைத்த துணியால் துடைக்கிற வரிசையில் நீ. அந்த வரிசையில் முக்கால்வாசி பெண்கள்தான். பெண்கள் கை பதவிசாக இருக்குமாம், கீறல் விழாதாம். கையுறை கொடுப்பார்கள், ஆனால் மதியத்துக்குள் அது தின்னரில் நனைந்து இளகிப் பிசுபிசுவென்று விரலோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் யாரும் போடுவதில்லை. உன் விரல் நுனியெல்லாம் வெளுத்து, தோல் வறண்டு, கோலப்பொடி தொட்ட மாதிரி இருக்கும்.

என் வேலை என்னவென்று உன் அம்மாவிடம் நீதான் விளக்கினாய். "இவ காத்த எட போடறாம்மா." அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "காத்த எட போட்டு யாருக்குடீ விக்கறா?" என்று கேட்டார். உன் தங்கை சுகன்யா சோற்றுத் தட்டோடு விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த வேலையை நான் உனக்கு ஒருநாள் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டு விளக்கிச் சொன்னேன். ஒரு கம்பெனியின் புகைபோக்கியில் என்ன வருகிறது என்று அளப்பது ஒரு வேலை. அங்கே நிற்கிற ஆளின் உடம்புக்குள் என்ன போகிறது என்று அளப்பது வேறு வேலை. மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கிற காற்றுதான் அந்த ஆளின் காற்று. அதைப் பிடிக்க, இடுப்பில் ஒரு சின்ன பம்பைக் கட்டி, முதுகு வழியாக ஒரு குழாயை ஏற்றி, கழுத்துப் பட்டையில் விரல் நீளக் கண்ணாடிக் குழல் ஒன்றை மாட்டிவிடுவோம். குழலுக்குள் கரித்தூள். ஷிஃப்ட் முழுக்க அந்த ஆள் எந்தக் காற்றை இழுக்கிறாரோ அதில் கொஞ்சத்தை பம்பும் இழுக்கும், காற்றில் இருக்கிற தின்னர் கரியில் ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் மூடி எடுத்துப்போய் லேபில் கொடுத்தால் எவ்வளவு என்று மெஷின் சொல்லிவிடும். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அது எனக்குப் பதிலா மோந்து பாக்குது. அப்படித்தானே?" என்றாய். என் மேலதிகாரிகூட இத்தனை நன்றாகச் சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளில் உங்கள் கம்பெனியிலேயே அளக்கிற வேலை எனக்கு வந்தது. உனக்கு அப்படியொரு சந்தோஷம். உனக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டுமென்றால் நான் உங்கள் லைனில் ஒரு ஆடிட்டையாவது பார்த்திருக்க வேண்டும்.

நம் பக்கத்துக் கம்பெனிகளில் ஆடிட், அதாவது வெளியாட்கள் வந்து சோதிப்பது, ஒரு பண்டிகை. முந்தின நாளே தரையில் மஞ்சள் கோடுகளைப் புதிதாக இழுப்பார்கள். எங்கிருந்தோ பூந்தொட்டிகள் வரும். எல்லோருக்கும் புது மாஸ்க், புது கையுறை. கேன்டீனில் கேசரி. யார் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் வரிசையில் நிற்க வைத்து ஒப்பிக்கச் சொல்வார். வந்தவர் யார், எதைப் பார்க்க வந்தார் என்பதெல்லாம் லைனில் நிற்பவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. வெளியிலிருந்து கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு யார் வந்தாலும் ஆடிட். ஆடிட் என்றால் பாஸ் ஆக வேண்டும். பாஸ் ஆகவில்லையென்றால் ஆர்டர் போகும், லைன் நிற்கும், கான்ட்ராக்ட் ஆட்கள்தான் முதலில் வெளியே. இது நீங்கள் எல்லோரும் தாய்ப்பால் மாதிரி குடித்து வளர்ந்த பாடம்.

அன்றைக்கு நானும் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டுதான் வந்தேன். துடைக்கிற வரிசைக்கு ஒரு பம்பு. "யாரு மாட்டிக்கிறீங்க?" என்று சூப்பர்வைசர் கேட்டதும் உன் கைதான் முதலில் உயர்ந்தது. தெரியாதவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு நான் உன் இடுப்பில் பெல்ட்டைக் கட்டினேன். சிரிப்பை அடக்க இரண்டு பேரும் பட்ட பாடு. "இன்னாடி, பூன மாதிரி உர்ருனு கீது?" என்று காதில் கிசுகிசுத்தாய். "கழட்டாத. பாத்ரூம் போனாலும் கட்டிக்கினே போ," என்றேன். சூப்பர்வைசர் நம் இரண்டு பேரையும் பார்த்து, "பாத்தும்மா, ரீடிங் நல்லா வரணும்," என்றார். அவர் கெட்ட மனிதரில்லை. எல்லா ஆடிட்டுக்கும் சொல்வதைத்தான் சொன்னார்.

வெளியாட்கள் லைனுக்குள் நிற்கக் கூடாது என்று என்னைக் கேன்டீனில் உட்கார வைத்தார்கள். கேசரி வந்தது. நடுவில் இரண்டு தடவை போய்ப் பார்க்கக் கேட்டேன். "பெயிண்ட் அடிக்கிற பூத்துல வேலை நடக்குது மேடம், சேஃப்டி ரூல்," என்றார்கள். சாயங்காலம் நீ வெளியே வரும்போது பம்பு இடுப்பில் ஒழுங்காகக் கட்டியிருந்தது, குழல் கழுத்தில் நேராக நின்றது, பூனை உர்ரென்றது. கண்ணடித்தாய்.

லேபிலிருந்து வந்த அளவு, சட்டம் அனுமதிக்கிற அளவில் ஒரு மூலைக்குக்கூட வரவில்லை. கம்பெனியில் காற்றை வெளியே இழுக்கிற எக்ஸாஸ்ட் நன்றாக வேலை செய்கிறது என்றுதான் நான் நினைத்தேன். உனக்குப் போன் போட்டேன். "பாஸா?" என்றாய். "பாஸ்." நீ லைனில் இருந்த பெண்களிடம் கத்திச் சொன்னது போனில் கேட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை படப்பையில் என்னை இழுத்துப்போய் பரோட்டா வாங்கிக் கொடுத்தாய். எனக்கும் நிம்மதிதான். என் தோழி நல்ல காற்றில் நிற்கிறாள் என்று நானே அளந்து தெரிந்துகொண்டேன். இந்த வேலையில் இத்தனை நிம்மதி வேறு எந்த நாளிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்த வருடம் உன் கால் ஆடுசதையில் நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. "ட்ராலி இடிச்சிருக்கும்," என்றாய். பல் துலக்கும்போது ரத்தம் வந்தது. பிரஷ்ஷை மாற்றினாய். மாதவிலக்கு நிற்காமல் போனபோது உன் அம்மா முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமுமாக ஊட்டினார். கடைசியில் லைனிலேயே மயங்கி விழுந்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக மாறி மாறி, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாய். எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடமே வற்றிவிட்டது என்றார் டாக்டர். கூடப்பிறந்தவர்களின் மஜ்ஜை பொருந்தினால் வைத்துப் பார்க்கலாம் என்று சுகன்யாவுக்கும் ரத்தம் எடுத்தார்கள். பொருந்தவில்லை.

அந்த ரத்தம் எடுத்ததுதான் ஊரில் வேறு கதையாகிவிட்டது. சுகன்யாவுக்கு வாலாஜாபாத் பக்கத்தில் ஒரு இடம் ஏறக்குறைய முடிந்திருந்தது. வெற்றிலை பாக்கு மாற்ற நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதுக்கு இப்படிப் போய்ச் சேர்ந்தது: அக்காளுக்கு ரத்தத்தில் சீக்கு, தங்கச்சிக்கும் அதே ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், குடும்பத்திலேயே இருக்கிற வியாதி. நேரில் வந்துகூடச் சொல்லவில்லை. தரகரை விட்டுச் சொல்லிவிட்டார்கள்.

நீ அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். உன் நோய்க்காக நீ அழவில்லை. "எனக்கு வந்தது எங்க அப்பா அம்மா குடுத்தது இல்லடி. நான் வேலைக்குப் போய் வாங்கிக்கினு வந்தது. அத ஒரு டாக்டரு ஒரே ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும். நான் பொழச்சா பொழைக்கிறேன், இல்லாங்காட்டி போறேன். அவ ஒருத்திக்கு வூடு வாசல்னு அமையணும்," என்றாய். கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கையாலேயே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். அதற்கப்புறம் உனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

டாக்டரிடம் கேட்டோம். நிதானமான மனிதர். என்ன வேலை, எதில் துடைப்பாய், எத்தனை வருடமாக என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். "மட்டமான தின்னர்ல பென்சீன்னு ஒண்ணு கலந்திருக்கும். அது மூச்சுல போனா இந்த மாதிரி வரலாம். வரலாம்னுதான் சொல்றேன். நிறைய பேருக்குக் காரணமே இல்லாமயும் வருது. நீ நின்ன இடத்துல காத்த யாராவது அளந்திருந்தா சொல்லு, அத வெச்சு எழுதலாம்," என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொல்லிவிட்டாய். "அளந்தாங்க சார். இவதான் அளந்தா. பாஸ் ஆச்சு."

"அப்படின்னா காரணம் தெரியலன்னுதான் எழுத முடியும்," என்றார்.

சொன்ன பிறகுதான் உனக்கு உறைத்தது. உன் முகம் போன போக்கைப் பார்த்து மயக்கம் வருகிறது என்று நினைத்து நான் தண்ணீர் எடுத்தேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும், "கழட்டி வெச்சேன்டி," என்றாய்.

"எத?"

"அந்தப் பூனைய. பம்பர செக் பண்ற க்யூ.சி. ரூம் வாசல்ல ஏர் கூலர் ஒண்ணு கீதுல்ல, அதும் பக்கத்துல ஆணியில மாட்டிட்டேன். ஜில்லுனு நல்ல காத்து. சாயங்காலம் நீ வர்றதுக்குள்ள எடுத்துக் கட்டிக்கினேன்."

"யாரு அப்படிப் பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நீ புதுசா வேலைக்குச் சேந்துகினு இருந்த. உன் மிஷினு எங்க தின்னரக் குடிச்சிட்டு ஃபெயிலாச்சுன்னா உன்னத்தானே திட்டுவாங்க? உன்ன பாஸாக்கணும்னுதான்."

பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கோபமாக வந்தது. உன் மேல் இல்லை, சூப்பர்வைசர் மேல்கூட இல்லை. ஒரு மனுஷி தன் மூச்சை அளக்க வந்த மெஷினைத் தூக்கி, தான் நிற்காத நல்ல காற்றில் உட்கார வைத்துவிட்டு, தான் போய்த் தின்னரில் நிற்கிறாள், அதையும் பிரியத்தில் செய்கிறாள் என்றால், அவளுக்கு இத்தனை வருடம் இந்தக் கம்பெனி ரோட்டில் என்ன சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்று கோபம். அளப்பது உனக்காக என்று உன்னிடம் யாரும் சொன்னதில்லை. ஏரிக்கரையில் நான் சொன்னதுகூட உன் காதில் என் வேலையாகத்தான் விழுந்திருக்கிறது.

"இப்ப என் ரத்தத்துல அளந்து பாக்க முடியாதா?" என்று கேட்டாய். முடியாது. பென்சீன் உடம்பில் தங்குவதில்லை, சில நாளில் மூச்சிலும் சிறுநீரிலும் போய்விடும். செய்த நாசம் மட்டும் இருக்கும். இதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "திருடன் ஓடிப்போயிட்டான், வூடு மட்டும் காலியா கீதுன்னு சொல்ற," என்றாய்.

தொழில் நோயா இல்லையா என்று பார்க்கிற அதிகாரியிடம் மனு போட்டோம். அவர் ஆஸ்பத்திரிக்கே வந்து உன்னிடம் கேட்டார். கூலர் விஷயத்தை மறைக்காமல் சொன்னாய். எழுதிக்கொண்டார். கையெழுத்து வாங்கிக்கொண்டார். "அப்ப இந்த ரிப்போர்ட் செல்லாது," என்றார். உனக்கு முகம் மலர்ந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. ரிப்போர்ட் செல்லாது என்றால் அளவு அதிகம் என்று அர்த்தமில்லை. அளக்கவே இல்லை என்றுதான் அர்த்தம். குறைவு என்று பொய் சொன்ன ஒரு எண் இருந்தது, இப்போது அதுவும் இல்லை. "செல்லாதுன்னு சொல்லிட்டாரே, அப்பறம் இன்னா?" என்று நீ கேட்டதற்கு, "பாக்கலாம்," என்று மட்டும் சொன்னேன்.

திரும்ப அளக்கச் சொல்லி எங்களுக்கே உத்தரவு வந்தது. இந்தத் தடவை ஷிஃப்ட் முழுக்க நான் லைனிலேயே நின்றேன். ஒரு பெண்ணின் இடுப்பில் பம்பைக் கட்டியதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கேசரியைத் தொடவில்லை. ஆனால் உள்ளே காலெடுத்து வைத்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. வாசனை வேறாக இருந்தது. பென்சீனின் அந்த இனிப்பு இல்லை. நீ விழுந்ததற்கப்புறம் தின்னரை மாற்றிவிட்டார்கள். உன் இடத்தில் நின்ற பெண், "இது பரவால்லக்கா, தலவலியே இல்ல," என்றாள். அவள் நன்றாக இருக்கட்டும். உன்னால் யாருக்காவது நல்லது நடந்ததென்றால் அது அவளுக்குத்தான், அது அவளுக்கே தெரியாது.

மாற்றிவிட்டார்கள் என்று அதிகாரியிடம் காட்ட, பழைய தின்னர் ஒரு சொட்டாவது கிடைக்காதா என்று தேடினேன். டின்னும் டிரம்மும் காலியானதும் ஆட்கள் வீட்டுக்கு எடுத்துப் போவது வழக்கம். உங்கள் ஊருக்குள் போய்ப் பார்த்தேன். பாதி வீட்டு வாசலில் அந்த இரும்பு டிரம்கள்தான், மேல்மூடியை வெட்டி, கழுவிக் கழுவி, குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகக் குனிந்து முகர்ந்து பார்த்தேன். பாசி வாசனை வந்தது. ஒரு அம்மா, "தண்ணி வேணுமா கண்ணு?" என்று சொம்பை நீட்டினார்.

இரண்டாவது அளவும் குறைவு. இந்தத் தடவை அது சுத்தமான உண்மை, நானே பக்கத்தில் நின்று பிடித்த உண்மை. அதிகாரி என்னை உட்கார வைத்து மரியாதையாகத்தான் சொன்னார்: "மொத தடவ செல்லாதுன்னு விட்டாலும், ரெண்டாவதும் அளந்தாச்சேம்மா. நீங்களே அளந்திருக்கீங்க. இதுக்கு மேல நான் எதை வெச்சு எழுதறது?" மனு தள்ளுபடியான சேதியை நான் உன்னிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை. மழைக்காலத்தில் ஒரு சாதாரண காய்ச்சல் வந்தது. உன் உடம்பில் அதைத் தடுக்க ஒன்றும் மிச்சமில்லை. கடைசியாக நான் வந்தபோது ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து, "இதுலயும் ஒரு பம்பு மாட்டி வுடேன். இப்பவாச்சும் சரியா கட்டிக்கிறேன்," என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அடுத்த நாள் உன் அப்பா போன் செய்தார்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில், நோய்க்குக் 'காரணம் அறியப்படவில்லை' என்று எழுதியிருந்தது.

இதெல்லாம் நீ அறிந்ததுதான், கடைசி இரண்டு மூன்று விஷயத்தைத் தவிர. நீ அறியாத ஒன்றைச் சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன்.

போன மாதம் சுகன்யாவுக்கு இன்னொரு இடம் வந்தது. செங்கல்பட்டு பக்கம். பையன் நல்லவன், அவளை ஒரு கல்யாணத்தில் பார்த்து அவனாகவே கேட்டு வந்தவன். ஆனால் அவன் அம்மாவுக்கும் அந்தக் கதை போயிருந்தது. உன் அம்மா என் வீட்டுக்கு வந்து, "நீ படிச்ச பொண்ணு. நீ ஒரு வார்த்த வந்து சொன்னா கேப்பாங்க கண்ணு," என்றார். போனேன். சுகன்யாவும் வந்தாள், நானே வந்து பேசுகிறேன் என்று பிடிவாதமாக.

பையனின் அம்மா அங்கன்வாடியில் வேலை பார்த்தவர். காபி கொடுத்தார். பொறுமையாகக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தின்னர் என்றால் என்ன, எப்படி மூச்சில் போகும், எலும்பில் என்ன செய்யும், இது பரம்பரையாக வந்ததில்லை, சுகன்யாவின் ரத்தத்தை எடுத்தது மஜ்ஜை பொருத்தம் பார்க்கத்தான் என்று எல்லாம். தலையாட்டிக்கொண்டே இருந்தார். பாதிக்கு மேல் நம்பிவிட்டார் என்று எனக்கே தோன்றியது. அப்போது ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் காத்த நீங்கதான் அளந்தீங்கன்னு பொண்ணோட அம்மா சொன்னாங்க. எவ்ளோ வந்துச்சும்மா?"

"அது வந்து, முதல் தடவ அவ பம்ப கழட்டி வெச்சுட்டா..."

"அதில்லம்மா. எவ்ளோ வந்துச்சு?"

சுகன்யா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை என்று சொல்ல மாட்டேன்.

"கம்மியாத்தான் வந்துச்சு," என்றேன்.

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

அவர் முகம்கூடச் சுளிக்கவில்லை. என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினார். பையன் எழுந்து வெளியே போனான். யோசித்துச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இதுவரை சொல்லி அனுப்பவில்லை. இனிமேல் அனுப்பப்போவதும் இல்லை.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் சுகன்யாவும் நானும் பின்சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். ஒரகடம் தாண்டியது. உங்கள் ஊர் நிறுத்தம் வருகிறதென்று துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்:

"ஜாஸ்தியா வந்துச்சுன்னு சொல்லியிருந்தா இன்னாக்கா? அவங்க இன்னா உன்கிட்ட பேப்பரா கேட்டாங்க?"

ஆட்டோ நின்றது, அவள் இறங்கிவிட்டாள். நீயாக இருந்தால் யோசித்திருக்கவே மாட்டாய். புது வேலையில் நான் திட்டு வாங்கக் கூடாது என்பதற்காகவே ஒரு ஷிஃப்ட் முழுக்கப் பொய்யை ஆணியில் மாட்டி வைத்தவள் நீ. உன் தங்கையின் வாழ்க்கைக்காக, அதுவும் அடிப்படையில் உண்மையான ஒரு பொய்யை, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. அளந்தது இவ்வளவு என்றால் இவ்வளவுதான் என்று சொல்லிப் பழகிய வாய். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் தெரியவில்லை, தப்பு என்று ஒத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

நாளைக்கு மறுபடியும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் அளக்கப் போகிறேன். யாரோ ஒரு பெண்ணின் இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, கழுத்துப் பட்டையில் குழலை மாட்டி, அது அவளுக்காக என்று சொல்லுவேன். அவள் தலையாட்டுவாள். சாயங்காலம் ஏதோ ஒரு எண் வரும். சுகன்யா என் போனை எடுப்பதில்லை.